இறங்குவதைப் பார்க்கிறவள்

லாரி ஓட்டுகிறவரிடம் போய் முதுகு வலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்பார். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே இல்லை என்பார். வலிக்கிறது என்று ஒரு முறை வாயைத் திறந்துவிட்டால் அடுத்த நடைக்குச் சாவி வேறு ஆள் கைக்குப் போய்விடும் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று நினைத்தால் உங்களுக்கு ஓட்டுநர்களைத் தெரியாது.

லாரி ஷெட்டுகளை ஒட்டிய அந்தத் தெருவின் கடைசி வீட்டு டிரைவர் இந்தக் கலையில் தேர்ந்தவர். அவர் மனைவி தையல்காரி. லாரிகளுக்கு சீட் கவர் போடுகிற கடையில் கனத்த ரெக்சினைக் கனத்த மிஷினில் தைத்துத் தைத்துத் தோள் இறுகிப்போனவள். எந்த இருக்கை எங்கே குழியும், குழிந்தால் உட்கார்ந்திருக்கிறவருக்கு எங்கே குத்தும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒரு நாள் புருஷன் வண்டியை விட்டு இறங்குவதை வாசலில் நின்று பார்த்தாள். இடது காலை வைத்தார். நின்றார். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். பிறகுதான் வலது கால் தரைக்கு வந்தது.

"வலிக்குதாங்க?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கீழே கெட்டி ஃபோம், மேலே மெத்தென்ற ஃபோம், வால் எலும்பு வருகிற இடத்தில் பின்பக்கம் ஒரு வெட்டு, வியர்வையைக் குடிக்கிற முரட்டுப் பருத்தித் துணியில் உறை என்று இருக்கையில் போட ஒரு மெத்தை தைத்தாள். "கடையில மிஞ்சின துண்டுங்க. வீணாப் போகுதேன்னு தைச்சேன். சும்மா போட்டுக்குங்க" என்று கொடுத்தாள். அவரும் சும்மா போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு இறங்கும்போது கதவைப் பிடிக்கவில்லை. வருஷக்கணக்கில் அதன் மேல் உட்கார்ந்து ஓட்டினார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வினை வேறு வழியில் வந்தது. முதலாளி ஒரு நாள் வண்டியை மாற்றிக் கொடுத்தார். மெத்தை பழைய வண்டியிலேயே தங்கிவிட்டது. போய்க் கேட்டு வாங்கியிருக்கலாம், ஷெட்டின் அந்தக் கோடிதான். ஆனால் அத்தனை ஓட்டுநர்கள் நிற்கிற இடத்தில் 'என் மெத்தை இருக்குதா' என்று ஒரு ஆம்பளை கேட்பதா? கேட்கவில்லை. மெத்தையில்லாமல் ஒரு நீண்ட தூர நடை ஓட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்த அன்று நாலு பேர் சேர்ந்து அவரை இறக்கினார்கள். நெடுநாள் தரையில் கிடந்து எழுந்தார். இனிமேல் தூரப் பயணம் உட்கார்ந்து போனால் கால் மரத்துப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டுக்கே வந்து பார்த்தார். "புது வண்டி ஒண்ணு வருது. வந்ததும் நீதான் முதல்ல ஏறணும்" என்றார். "ஏறிடுறேன் முதலாளி" என்றார் டிரைவர், படுத்தபடியே.

முதலாளி போனதும் தையல்காரி டீ டம்ளர்களை எடுக்க வந்தாள்.

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. சோறு யாரு போடுவா, டாக்டரா?"

"நான் போடுறேன். அந்த மெத்தையைத் தைச்சு விக்கப் போறேன். புது வண்டி வர்றதுக்குள்ள வியாபாரம் ஓட ஆரம்பிச்சா நீங்க ஏறக்கூடாது. இங்கேயே என்கூட ஃபோம் வெட்டணும்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா நானே சோறு கட்டிக் கொடுத்து அனுப்புறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பேச்சு அத்தோடு முடிந்தது. கடை வேலையை விட்டாள். கடைக்காரர் ஓரங்கட்டிப் போட்டிருந்த ஒரு பழைய மிஷினைக் கேட்டு வாங்கி வந்து முன்னறையில் போட்டாள். தகரக் கூரைக்குக் கீழே வெயில் காலத்தில் ஃபோம் அடுக்கிய அறை எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். டிரைவர் நின்றபடியே நீளக் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து ஃபோம் வெட்டினார். அவள் உறை தைத்தாள். மெத்தைகள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஏறின. வாங்கத்தான் ஆளில்லை.

விளம்பரத்தை டிரைவரின் தங்கை எடுத்துக்கொண்டாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், அந்தக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறவள். வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"அண்ணி, நீங்க தைக்கிற வேலையைப் பாருங்க, உலகத்துக்கே தெரிய வைக்கிறது என் வேலை" என்றாள். மெத்தையைப் பூப்போட்ட விரிப்பின் மேல் வைத்துப் படம் எடுத்தாள். கொஞ்சம் காசு கட்டி விளம்பரமாக்கினாள். குடும்பக் குழுவிலும் போட்டு, 'எல்லாரும் ஆதரவு கொடுங்க' என்று எழுதினாள்.

கொடுத்தார்கள். அப்படி ஒரு ஆதரவை எந்தத் தேர்தலிலும் யாரும் பார்த்திருக்க முடியாது. பெரியம்மா லைக் பொத்தானை அமுக்கினார், சித்தி அமுக்கினார், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டிலிருந்துகூட இரண்டு பேர் அமுக்கினார்கள். டிரைவரின் தாய்மாமா ஓய்வு பெற்ற தபால்காரர். வேலையில் இருந்த காலத்தில் மழையென்றும் பார்க்காமல் தபால் போட்டவர். அதே ஒழுங்கோடு தினமும் காலையில் குளித்துவிட்டு, விளம்பரத்தைத் தேடிப் பிடித்து, உள்ளே போய், எல்லாப் படத்தையும் பார்த்து, 'வாழ்க வளர்க' என்று எழுதிவிட்டுத்தான் டீயே குடிப்பார்.

முன்னறையில் ஒரே பெருமை. ரேடியோ எண்ணிக்கையைப் படிப்பாள், தையல்காரி மிஷினை நிறுத்திக் கேட்பாள். அந்த எண்ணிக்கையில் ஒருவர்கூட மெத்தை கேட்கவில்லை என்பது உறைக்கக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ரேடியோ தட்டில் கை வைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்ததே பயமாக இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் தையல்காரி.

"அண்ணி, காசெல்லாம் நம்ம சொந்தக்காரங்ககிட்டயே போயிருக்கு."

"அவங்க எங்கே காசு வாங்கினாங்க?"

"வாங்கலை. இந்த விளம்பரம் யாரு அமுக்குறாங்கன்னு பார்க்கும். அமுக்குறவங்களுக்குத்தான் இது பிடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு, அவங்க மாதிரி ஆளுங்களாத் தேடித் தேடிக் காட்டும். நம்ம பெரியம்மா மாதிரி, மாமா மாதிரி ஆளுங்களா ஊர் ஊராப் பிடிச்சுக் காட்டியிருக்கு. எல்லாரும் வீட்டுல சாய்வு நாற்காலியில இருக்கிறவங்க. லாரிச் சக்கரத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டாங்க."

டிரைவர் சிரித்துவிட்டார். சிரித்தால் முதுகில் பிடிக்கும், அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. புது வண்டி கம்பெனியை விட்டுக் கிளம்பத் தயாராகிவிட்டது என்று அன்று காலையில்தான் ஷெட்டில் பேச்சு.

"அப்ப அமுக்க வேண்டாம்னு சொல்லிடுவோம்" என்றாள்.

"யாரு சொல்றது?"

அதுதான் கேள்வி. சொந்தக்காரர்களிடம் உதவி செய்யுங்கள் என்று கேட்டுவிடலாம். செய்ததை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு அந்தக் குடும்பத்தில் வாழ்ந்துவிட முடியுமா? ரேடியோ மென்மையாகத்தான் எழுதினாள். குழு அன்று முழுவதும் மயான அமைதி. சாயங்காலம் தபால்கார மாமா நேரிலேயே வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மேல் வரைக்கும் போட்டிருந்தார். கோபம் வந்தால் அப்படித்தான்.

"மருமகளே, என் கை பட்டா உங்க வியாபாரம் விளங்காதாமே?"

"அய்யோ, அப்படி யாரு மாமா சொன்னது. உட்காருங்க."

"உட்காருறதுக்கு வரலை. இத்தனை நாளா ஒரு நாள் தவறாம அமுக்கியிருக்கேன். காய்ச்சல்ல கிடந்த அன்னைக்கும் அமுக்கினேன்."

"தெரியும் மாமா." அவள் ஒரு மெத்தையை எடுத்து ஸ்டூலில் போட்டாள். அவர் தன்னையறியாமல் உட்கார்ந்தார். "ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. வேலையில இருந்தப்ப அடுத்தவங்க பேருக்கு வந்த தபாலைப் பிரிச்சிருக்கீங்களா?"

"செத்தாலும் மாட்டேன்."

"இது உங்க பேருக்கு வந்த தபால் இல்ல மாமா. யாரோ ஒருத்தர் முதுகு வலியோட இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. நீங்க பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தா அவரு விலாசத்துக்குப் போய்ச் சேராது."

மாமா மேல் பொத்தானைக் கழற்றினார்.

"அமுக்கலை. சும்மா பார்த்துக்கிட்டாவது இருக்கலாமா?"

"பார்க்கவும் வேண்டாம் மாமா."

"சரி. டீ போடு" என்றார்.

ரேடியோ பழைய விளம்பரத்தை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாள். இந்த முறை ஆண்கள் மட்டும், லாரி, சரக்கு, நெடுஞ்சாலை என்று எதிலாவது ஆர்வம் காட்டியவர்கள் மட்டும். போய்ச் சேர வேண்டியவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. ஓட்டுநர்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள், வாய்க்கு வந்ததை எழுதினார்கள். 'மெத்தை மட்டும்தானா, தொட்டில் கிடையாதா?' என்றார் ஒருவர். 'தாலாட்டுப் பாட ஆள் தனியா வைக்கணுமா?' என்றார் இன்னொருவர். 'நாங்க இரும்புல உட்கார்ந்து இரும்பைத் தின்கிறவங்க' என்று எழுதியவருக்கு ஏகப்பட்ட கைதட்டல். ஒரு மெத்தைகூட விற்கவில்லை.

டிரைவர் எல்லாவற்றையும் படித்தார். "இவனுங்களைக் குத்தம் சொல்லாதே. நானா இருந்தா இதைவிட மோசமா எழுதியிருப்பேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அன்று ஷெட் பக்கம் போய்விட்டு வந்தார். பெட்டியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து உதறி ஆணியில் மாட்டினார். தையல்காரி அதைப் பார்த்தாள், சொன்ன சொல்படி ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கூரைச் சத்தத்தில் மிஷின் ஓடுவதே கேட்கவில்லை. ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு, மெத்தைகளை உலர்ந்த பக்கம் மாற்றி அடுக்கிவிட்டு, அவள் புருஷனைக் குப்புறப் படுக்கச் சொல்லி இடுப்பில் தைலம் தேய்த்தாள்.

"ஒரு உண்மையைச் சொல்லுங்க. அந்த விளம்பரம் அந்தக் காலத்துல உங்க போன்ல வந்திருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"நானா? சிரிச்சுட்டுத் தள்ளிவிட்டிருப்பேன்."

"அப்பவே வலி இருந்துச்சே."

"அதான். வாங்கினா வலி இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நீங்க வண்டியை விட்டு இறங்குறதை எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

"என்ன பேச்சு இது. இறங்குறவன் எப்படிப் பார்ப்பான்?"

"நான் பார்த்தேன்" என்றாள். பிறகு இன்னும் சத்தமாக, மழைக்கு மேலே, "ரேடியோ, இங்கே வா" என்றாள்.

ரேடியோ சமையலறையிலிருந்து வெங்காயம் நறுக்கிய கையோடு வந்தாள்.

"இதைப் பொம்பளைங்களுக்குக் காட்ட முடியுமா? சீட்டுல உட்கார்றவங்களுக்கு வேண்டாம். வாசல்ல நிக்கிறவங்களுக்கு."

ரேடியோவுக்குக் கண் எரிச்சலிலும் விஷயம் பிடிபட்டுவிட்டது. "லாரிக்காரர் பொண்டாட்டின்னு தனியாப் பொத்தான் எதுவும் கிடையாது அண்ணி. கல்யாணம் ஆன பொம்பளைங்க, ஷெட்டு இருக்கிற ஊருங்க, இவ்வளவுதான் நான் பிரிக்க முடியும். மிச்சத்தை நீங்க காட்டுற படம்தான் பிரிக்கணும். யாரு மனசுல தைக்குதோ அவங்க நிப்பாங்க, மத்தவங்க தள்ளிவிட்டுப் போயிடுவாங்க. பூப்போட்ட விரிப்பெல்லாம் இதுக்குச் சரிப்படாது."

"படம் என்னன்னு எனக்குத் தெரியும்" என்று தையல்காரி புருஷன் முதுகைப் பார்த்தாள்.

அவருக்கு முதுகிலும் கண் இருந்தது. "முடியாது" என்றார்.

"இன்னும் நான் கேட்கவே இல்லையே."

"நீ கேட்கப் போறது தெரியும். நான் இறங்குறதை ஊருக்குக் காட்டுவியா? ஷெட்டுல நான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

அவள் வற்புறுத்தவில்லை. சாப்பாடு போட்டாள். அவர் சாப்பிட்டார். மழை விட்டு ஈரக் காற்று வந்தது. வாசலில் நின்று வெகுநேரம் ஷெட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து வயசு குறைந்த ஓட்டுநர் ஒருவன் இறங்கினான். இடது கால், ஒரு நிறுத்தம், கதவைப் பிடித்து ஒரு மூச்சு. இத்தனை காலம் வண்டிகளுக்கு நடுவே கிடந்தவர், இறங்குகிற ஒருவனை அன்றுதான் பார்த்தார்.

காலையில் ஆணியிலிருந்த காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"முகம் தெரியக்கூடாது. நடிக்கவும் மாட்டேன். ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வர்றேன். இறங்கும்போது எப்படி வருதோ அதை எடு."

பக்கத்து ஷெட்காரர் வண்டியைக் கொடுத்தார். தையல்காரி சேற்றில் கால் புதைய நின்று போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வண்டி ஒரு சுற்றுப் போய் வந்தது. கதவு திறந்தது. இடது கால் வந்தது. நின்றது. கதவைப் பிடித்த கையில் நரம்பு புடைத்தது. பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒருவர் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். வலது கால் தரைக்கு வந்தபோது தையல்காரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பல வருஷம் தன்னிடமே ஒத்துக்கொள்ளாத வலியை இந்த மனுஷன் தனக்காக ஊர் முன்னால் இறக்கிவைத்திருக்கிறார் என்று தோன்றியது. அதைவிடப் பெரிய ஆம்பளைத்தனம் எதையும் அவள் பார்த்ததில்லை.

படத்தின் மேல் ஒரே ஒரு வரி எழுதினார்கள். 'உங்க வீட்டுக்காரர் வண்டியை விட்டு இப்படித்தான் இறங்குறாரா?' மெத்தையைக் கடைசியில் காட்டினார்கள், கூடவே போன் நம்பர்.

முதல் பதில் வந்தபோது தையல்காரி மிஷினில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தாள். ரேடியோ படித்தாள். 'இது எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு.' அடுத்தது, 'எங்க வீட்டுக்காரரும் வலது காலுக்கு இவ்வளவு நேரம் எடுப்பாரு. கேட்டா சும்மா இருன்னு திட்டுவாரு.' அதற்கடுத்தது கோபமாக இருந்தது. 'இது எந்த ஷெட்டு? எங்க வீட்டுக்காரர் சட்டைதான் இது. லோடு ஏத்தப் போறேன்னு சொல்லிட்டு அங்கே என்ன பண்றாரு?' டிரைவர் கூச்சத்தோடு தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அவருடைய முதுகுக்குப் பல ஊர்களிலிருந்து பொண்டாட்டிகள் உரிமை கொண்டாடிவிட்டார்கள்.

பிறகு போன் அடிக்கத் தொடங்கியது. ஒருவர் வைத்தால் அடுத்தவர். எல்லாருக்கும் மெத்தை வேண்டும், எல்லாருக்கும் ஒரே பயம்.

"அக்கா, பார்சல் மேல மெத்தைன்னு எழுதிடாதீங்க. வண்டி சாமான்னு எழுதுங்க."

"சரிம்மா."

"என்ன சொல்லி அவருகிட்ட கொடுக்கிறது? முதுகு வலிக்காகன்னு சொன்னா தூக்கி எறிஞ்சிடுவாரு."

"மிஞ்சின துண்டுல தைச்சது, வீணாப் போகுதுன்னு போட்டேன், சும்மா உட்காருங்கன்னு சொல்லிக் கொடு" என்றாள் தையல்காரி. "நல்லா இருக்கான்னு மட்டும் கேட்காதே. இறங்கும்போது கதவைப் பிடிக்கிறாரான்னு பாரு, அதுதான் பதில்."

பின்னால் ஃபோம் வெட்டுகிற சத்தம் நின்றது. அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். டிரைவர் கத்தியைக் கீழே வைத்திருந்தார்.

"அப்ப அன்னைக்கு எனக்குக் கொடுத்தது மிஞ்சின துண்டு இல்லையா?"

"இல்ல."

"புது ஃபோமா?"

"முழுப் பலகையில வெட்டினது. கடையில சொல்லிட்டுத்தான் வெட்டினேன். சம்பளத்துல பிடிச்சுக்கிட்டாங்க."

அவர் கத்தியை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் தோய்த்தார். வெட்டாமல் நின்றார்.

"நல்லா இருந்துச்சு" என்றார்.

"எது?"

"மெத்தை."

அவ்வளவுதான். அதைக் கேட்க அவளுக்கு இத்தனை வருஷம் ஆகியிருந்தது. அடுத்த போன் வந்தபோது அவரே எடுத்தார். "சொல்லுங்கம்மா. அவரு எங்கே வலிக்குதுன்னு சொல்ல மாட்டாரு, அதை விடுங்க. இறங்கும்போது எந்தக் காலை முதல்ல வைக்கிறாரு?" என்று கேட்டு, வெட்டு எந்தப் பக்கம் அகலமாக வேண்டும் என்று ஃபோம் பலகையில் கோடு போட்டுக்கொண்டார்.

சுவரோரம் அடுக்கியிருந்தது தீர்ந்து, புது ஃபோம் வந்து இறங்கிய வாரத்தில் முதலாளியின் புது வண்டியும் வந்தது. ஷெட்டில் நிறுத்தாமல் நேரே வீட்டு வாசலுக்கே ஓட்டிவரச் சொல்லியிருந்தார். தெருவே கூடிவிட்டது. ஷெட் ஓட்டுநர்கள் எல்லாரும் வந்தார்கள். தபால்கார மாமாவும் முன்வரிசையில் நின்று, பக்கத்திலிருந்தவரிடம், "நான் ஒருத்தன் அமுக்காம இருந்தேன் பாருங்க, அதுலதான் இவங்க வியாபாரமே நிக்குது" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி சாவியை நீட்டினார். "வா, ஏறு. உனக்காகத்தான் வேற யாரையும் ஏத்தலை."

டிரைவர் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. வண்டியை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார். டயரைத் தட்டினார். கதவில் கை வைத்தார். ஆசை இல்லாமல் இல்லை, முகத்திலேயே தெரிந்தது. ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரி தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏறலை முதலாளி" என்றார். "முதுகு வலிக்குது."

அந்தத் தெருவில் அந்த வார்த்தையை ஒரு ஓட்டுநர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப காலமாவே வலிக்குது. நான்தான் சொல்லலை. ஓட்டுறதுக்கு நல்ல ஆளா நானே காட்டுறேன். இன்னொரு விஷயம் முதலாளி. பழைய வண்டியில என் மெத்தை ஒண்ணு தங்கிப்போச்சு. அதைக் கொடுத்தனுப்புங்க."

முதலாளி சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். தலையைச் சொறிந்தார்.

"அதுவா? அது என் ஆபீஸ் நாற்காலியில இருக்கு. யாருதுன்னு ஷெட் முழுக்கக் கேட்டேன், ஒருத்தனும் வாயைத் திறக்கலை. சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் விட மனசு வரலை."

யாரோ சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார்.

"அளவு சொல்லிட்டுப் போங்க, உங்களுக்குப் புதுசா தைச்சுத் தர்றோம்" என்றார் டிரைவர். "அதை மட்டும் கொடுத்திடுங்க. அது விக்கிறதுக்கு இல்ல முதலாளி. என் பொண்டாட்டி எனக்குன்னு தைச்சது."

வெளியே சொன்னது ஜன்னல் வழியே உள்ளே நன்றாகவே கேட்டது. மிஷினில் ஓடிக்கொண்டிருந்த தையல் துணியை விட்டு விலகிக் கோணலாகப் போய்விட்டது. தையல்காரி நூலைப் பிரித்தெடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தைக்கத் தொடங்கினாள்.